அண்ணனுக்கு வந்த போன்

ஹைதராபாத்
6.10.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

விழி எழுதுகிறேன். இங்கே நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? போன முறை வாங்கிக் கொடுத்த தைலம் தீர்ந்திருக்கும்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமே இல்லை. தபால் நிலையத்தில் கவர் கேட்டபோது அங்கிருந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேறு என்ன செய்வது? பத்து நாளாக உன் போன் அணைந்தே கிடக்கிறது. கடைசியில் உன்னோடு வேலை செய்யும் தேவி அக்காவைக் கூப்பிட்டேன். "உங்கம்மா சிம்ம கழட்டி அரிசி டப்பாவுல போட்டு வச்சிருக்குது. என் போன காதுல வச்சாக்கூட வாயப் பொத்திக்கிட்டு அந்தாண்ட போயிடுது" என்றார். பீங்கான் பொம்மை யூனிட்டிலும் நீ யாரோடும் பேசுவதில்லையாம். பொம்மைக்கு ஓரம் சீவி, ஸ்பாஞ்சு போட்டுத் துடைத்து வைத்துவிட்டு மணி அடித்ததும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுகிறாயாம்.

நீயா பேசாமல் இருக்கிறவள்? மகளிர் குழுவில் நோட்டீஸ் வந்தால் உன்னைத்தானே படிக்கச் சொல்வார்கள்? உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் எழுது. அப்பா போன பிறகு நீயும் நானும் மட்டும்தான் என்பது உனக்கு நினைவிருக்கட்டும்.

ஒரு நல்ல செய்தி. என் ஆய்வுத் தலைப்புக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. மே மாதம் நீ வாக்கியம் வாக்கியமாகப் படித்துப் பேசிக் கொடுத்தாயே, அந்தப் பதிவுகளை வைத்துத்தான் எழுதப்போகிறேன். நம் பக்கத்துப் பேச்சு இதுவரை இணையத்தில் எந்தப் பொதுக் குரல் தொகுப்பிலும் இல்லை என்கிறார் பேராசிரியர் பாலகிருஷ்ணன். இப்போது உன் குரல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடம் வாசிக்கும் செயலி ஒன்றில் அதைச் சேர்த்துவிட்டார்கள். உன் குரலில் எட்டாம் வகுப்பு அறிவியல் கேட்டேன். சிரிப்பும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

போனைப் போடு அம்மா.

உன் மகள்
வேல்விழி


விருத்தாசலம்
19.10.2024

அன்பு மகள் விழிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. பழமலைநாதர் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. முட்டிவலி இருக்கிற இடத்தில் இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

போன் கெட்டுப்போகவில்லை, நான்தான் கழற்றி வைத்தேன். இனிமேல் அதில் பேசுவதாக இல்லை. எங்கே பேசினாலும் எடுத்துக்கொள்கிறார்கள்.

புரட்டாசி பிறந்த சமயம் நம்ம கம்மாபுரத்துப் பக்கம் ஊர் ஊராகப் போன் போயிருக்கிறது. சோலார் கம்பெனிக்கு நிலம் பிடித்துத் தரும் ஏதோ ஏஜென்ஸி. போனில் பேசுவது ஒரு பெண். "அண்ணா, நல்லாருக்கீங்களா? வூட்டுல எல்லாரும் சொகமா? வர்ற வெள்ளிக்கெழம கல்யாண மண்டபத்துல முகாம் இருக்குது. அவசியம் வந்து கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, ஒரு வாய் சாப்புட்டுதான் போவணும்." இதைத் தேவி தன் போனில் பிடித்து வைத்திருந்து வேலை நடுவில் எனக்குப் போட்டுக் காட்டினாள். அவளுக்கும் பிறந்த ஊர் அந்தப் பக்கம்தான்.

அந்தப் பெண் நான், விழி. நான் பேசவே இல்லை. ஆனால் அது என் குரல்.

கேட்டதும் கையில் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளையார் நழுவி விழுந்தது. மேஸ்திரி திட்டினார். அது பெரிதில்லை. பிறந்த ஊரில் கொளஞ்சி விலைபோய்விட்டாள் என்று பேசுகிறார்கள். ஊருக்குள் நிலம் கொடுப்பதா வேண்டாமா என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும்போது, அந்த ஊரில் பிறந்தவளே சாப்பிட வா, கையெழுத்துப் போடு என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? பஸ்ஸில் என் சித்தப்பா மகன் என்னைப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்கு மாறி உட்கார்ந்தான்.

நீ அன்றைக்குச் சொன்னாய், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று. நானும் தலையாட்டினேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யார் வேண்டுமானாலும் என்றதும் என் கண்ணுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் தெரிந்தார்கள். என் தொண்டையைத் தெருக்குழாய் மாதிரி வைத்துவிட்டாயே.

உன் படிப்புக்கு இடைஞ்சல் வரும் என்றால் இதை யாரிடமும் சொல்லாதே.

அம்மா


ஹைதராபாத்
26.10.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம் என்று எழுதக்கூட மனம் வரவில்லை.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். பிறகு அவரே உட்கார்ந்து தேடிப் பார்த்தார். நம் தொகுப்பில் குரல்களுக்கு ஆள் பெயர் கிடையாது. வட்டாரப் பெயர் மட்டும்தான். உன்னுடையதற்கு 'விருத்தாசலம் பகுதி, பெண்' என்று இருக்கிறது. அந்த ஏஜென்ஸிக்காரர்கள் கம்மாபுரத்து ஆட்களிடம் பேசக் கம்மாபுரத்துப் பேச்சு தேடியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்துக்கு இருந்தது ஒரே ஒரு குரல். அதற்குள் என்ன எழுத்தைக் கொடுத்தாலும் நீ சொல்வது போலவே அது சொல்லிவிடும். எங்கள் ஆய்வகத்தின் இணையப் பக்கத்திலேயே ஒரு பெட்டி இருக்கிறது. அதில் எதைத் தட்டினாலும் உன் குரலில் படிக்கும். நானே அதில் விளையாடியிருக்கிறேன்.

பெரிய பெரிய கம்பெனிகள் மொழியைப் பூட்டி வைத்துக்கொண்டு விற்கிறார்கள், நாம் பொதுவில் வைத்தால் எளியவர்களுக்கும் கிடைக்கும் என்றுதான் இதைச் செய்தோம். அதை நான் இப்போதும் நம்புகிறேன். கோபப்படாதே. ஆனால் உன்னை பஸ்ஸில் ஒருவன் அவமானப்படுத்துவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் உச்சரிப்பைத்தான் கேட்டேன், அம்மா. உன்னைத் தெரிந்தவர்கள் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை.

தொகுப்பிலிருந்து எடுக்க மனு கொடுத்துவிட்டேன். குழு கூட வேண்டும். ஏஜென்ஸிக்கும் பேராசிரியர் எழுதியிருக்கிறார். ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போனவர்களிடமிருந்து திரும்ப வாங்க வழியில்லை.

கம்மாபுரத்தில் யாரிடமாவது விவரத்தைச் சொல். மாமாவிடமே சொல்லேன். சண்டையாக இருந்தாலும் உன் அண்ணன்தானே.

விழி


விருத்தாசலம்
17.11.2024

அன்பு மகளுக்கு,

நலம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். கம்பளி எடுத்து வெயிலில் போட்டாயா?

உன் மாமாவிடம் நான் போகவில்லை. அவரைத் தேடி அந்தக் குரல் முன்னாலேயே போய்விட்டது.

போன வாரம் யூனிட் வாசலில் சின்னம்மாள் அண்ணி வந்து நின்றாள். மூன்று வருஷத்தில் அவள் முகத்தை அப்போதுதான் பார்க்கிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். என்ன அண்ணி என்றால், "நீ போன் பண்ணியேம்மா, அதுக்கப்புறம் உங்கண்ணன் மனுஷனா இருக்குது" என்கிறாள்.

உனக்குத் தெரியும், கலியபெருமாள் அண்ணன் எப்படிப்பட்டவன் என்று. தன் மகன் வெற்றிவேலுக்கு உன்னைக் கேட்டு வந்தபோது, பிள்ளை படிக்கட்டும் என்றேன். "பேசுறதுக்கு ஒரு படிப்பா? நாக்கு இருக்குது, பேசுறா. அதுக்கு ஐதராபாத்து போவணுமா? முறை மாப்பிள்ளைய வேணாம்னுட்ட. இனிமே உனக்குப் பொறந்த வூடு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனவன். வெற்றிவேலுக்கு வேப்பூரில் பெண் எடுத்ததற்கும் பத்திரிகை வரவில்லை. மூன்று பொங்கலுக்கு வரிசை வரவில்லை. நான் ஒருநாளும் அதை உன்னிடம் சொல்லிக் காட்டியதில்லை. இப்போதும் சொல்லிக் காட்டுவதற்காக எழுதவில்லை.

அவனுக்குப் போன் வந்திருக்கிறது. அண்ணா, நல்லாருக்கீங்களா என்றதும் எழுந்து நின்றுவிட்டானாம். "நல்லாருக்கறம்மா, நீ எப்படி இருக்க?" என்று கேட்டானாம். அது அதன் பாட்டுக்குப் பேசிவிட்டு வைத்துவிட்டது. அண்ணியிடம் வந்து, "கொளஞ்சி பேசிச்சு. அழுக வந்துடுச்சு போல, வச்சிட்டா. கோவம் இன்னும் தீரல, 'ங்க' போட்டு மரியாதையா பேசுறா. ஆனா கூப்புட்டா பாத்தியா" என்றானாம்.

இந்த மண்ணை விட்டால் என் பிணத்தைத்தான் எடுக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் சத்தம் போட்டவன், வெள்ளிக்கிழமை வேட்டி மாற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போய் முதல் ஆளாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். தங்கச்சி வாய்விட்டுக் கூப்பிட்ட பிறகு போகாமல் இருப்பது எப்படி என்று கேட்டானாம். மண்டபம் பூராவும் என்னைத் தேடியிருக்கிறான். அவசர வேலையாகப் போயிருப்பாள் என்று தானே சொல்லிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வந்தானாம்.

அண்ணி பேசிக்கொண்டே இருந்தாள். நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.

அம்மா


ஹைதராபாத்
25.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டே இருந்தேன். "கேட்டுக்கொண்டே நின்றேன்" என்று முடித்துவிட்டாயே. அத்தையிடம் அது நீ இல்லை என்று சொன்னாயா, இல்லையா?

சொல்லியிருக்க மாட்டாய். எனக்குத் தெரியும்.

சட்டம் படிக்கும் தோழி ஒருத்தியிடம் கேட்டேன். மாமா போட்டது வெறும் ஒப்பந்தம்தான். பதிவு அலுவலகத்தில் பத்திரம் பதிந்தால்தான் நிலம் கைமாறும். ஏமாற்றி வாங்கிய கையெழுத்து என்றால் அதற்குள் மறுத்துவிடலாம். பதிந்த பிறகு கோர்ட்டு, வழக்கு என்று மாமா ஆயுசு பூராவும் அலைய வேண்டும். பதிவு எப்போது என்று உடனே விசாரித்து எழுது. அதைவிட, உடனே மாமாவிடம் போய்ச் சொல்.

அந்த மூன்று ஏக்கரை விட்டால் மாமாவுக்கு வேறு எதுவும் கிடையாது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வரப்பில் உட்கார வைத்துக் கடலைச்செடி பிடுங்கித் தருவார். என்னால் அது போகக்கூடாது.

பதில் போடு. தயவுசெய்து.

விழி


ஹைதராபாத்
22.12.2024

அம்மா,

நலமா? நான்கு வாரமாகக் கடிதம் இல்லை. தேவி அக்காவிடம் கேட்டால் நீ நன்றாக இருக்கிறாய், சிரிக்கிறாய், புதுப் புடவை கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கம்மாபுரம் போய் வந்தாய் என்கிறார்.

போய் வந்தாயா? போய் என்ன பேசினாய்?

இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன். அதற்குள் உன்னிடமிருந்து எழுத்து வரவில்லை என்றால் மாமாவுக்கு நானே எழுதிவிடுவேன்.

விழி


விருத்தாசலம்
30.12.2024

விழிக்கு,

அம்மா எழுதுவது. நலம்.

மாமாவுக்கு நீ எழுதக்கூடாது. எழுதினால் அப்புறம் எனக்குக் கடிதம் போடாதே.

ஆமாம், போனேன். அண்ணன் கூப்பிட்டு அனுப்பினான், போனேன். அண்ணி ஆட்டுக்கறி எடுத்துக் குழம்பு வைத்திருந்தாள். அண்ணன் எனக்கு இலை போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டு, நீ சாப்பிடு, நீ சாப்பிடு என்கிறான். உன்னைப் பற்றிக் கேட்டான். "புள்ள என்ன படிக்குது, டாக்டரா?" என்று கேட்டான். ஆமாம், வேறு மாதிரி டாக்டர் என்றேன். பேசுவதைப் பற்றித்தானே படிக்கிறாள், அதனால்தான் அம்மாவைப் பேச வைத்துவிட்டாள் என்று அவனாகச் சொல்லிக்கொண்டு சிரித்தான். அதற்கு மேல் நான் என்னத்தைச் சொல்வது?

அந்த நிலத்தில் அப்படி என்ன விளைகிறது இப்போது? கிணற்றில் தண்ணீர் இல்லை. ஒரு பக்கம் நிலக்கரிச் சுரங்கம், ஒரு பக்கம் கருவேல முள். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு யாரோ எடுக்கத்தான் போகிறார்கள். வெற்றிவேலும் வேப்பூரில் மாமனார் ஹோட்டலோடு போய்விட்டான். உழ ஆளில்லை. நிலம் போனால் போகிறது என்று அண்ணனே நினைத்திருக்கலாம் இல்லையா? உனக்கு என்ன தெரியும்?

நீ ஹைதராபாத்தில் இருக்கிறாய். உனக்குத் தோழிகள் இருக்கிறார்கள், வாத்தியார் இருக்கிறார். நான் இந்த வூட்டில் யாரும் கதவைத் தட்டாமல் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தேன். அதை நீ எந்த மிஷினில் பதிவு செய்தாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


விருத்தாசலம்
17.1.2025

அன்பு மகள் விழிக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. நீங்கள் எல்லாரும் அங்கே பொங்கல் வைத்தீர்களா? போன கடிதத்தில் கோபமாக எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

போகியன்று காலையில் அண்ணன் வரிசை கொண்டுவந்தான். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், எனக்கு ஒரு புடவை, உனக்கு ஒரு சுடிதார் துணி. கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறான். தெருவே பார்த்தது. எதிர் வீட்டு ராஜாம்பாள், பொறந்த வூட்டு வரிசையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த ஒரு ஆமாம் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது தெரியுமா?

சாப்பிட்டு முடித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னான். தை இருபத்தெட்டு, திங்கட்கிழமை பத்திரப் பதிவாம். இங்கே விருத்தாசலத்தில்தான். முந்தின நாளே வந்து நம் வீட்டில் தங்குகிறானாம். "நீதானம்மா கூப்புட்ட. நீயே பக்கத்துல நின்னு சாட்சிக் கையெழுத்துப் போடு. அப்பதான் எனக்கு மனசு ஆறும்" என்றான்.

மனசு ஆறும் என்றால் என்ன அர்த்தம், விழி? ஆறாத மனசோடுதானே கொடுக்கிறான்?

போகும்போது வாசலில் நின்று, அந்த நிலத்து மண்ணில்தான் நம் அப்பாவை எரித்தோம் என்றான். சும்மா சொன்னேன் என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அம்மா


ஹைதராபாத்
24.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீ தூங்குகிறாயா? அதை மட்டும் உண்மையாக எழுது.

நான் மாமாவுக்கு எழுதவில்லை. இனியும் எழுத மாட்டேன். நீ அவரிடம் சொல்லவில்லை என்றாலும் உன்மேல் கோபப்பட மாட்டேன். மூன்று வருஷம் யாரும் கதவைத் தட்டவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போகவில்லை. நான் படிக்க வந்ததற்கு நீ என்ன கொடுத்தாய் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. நீ சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

தொகுப்பைப் பற்றி: குழு கூடிவிட்டது. பிப்ரவரி கடைசியில் உன் குரலை எடுத்துவிடுவார்கள். அதுவரை அந்தத் தட்டிக் கேட்கும் பக்கம் இருக்கும். ஏஜென்ஸி பதிலே போடவில்லை. என் ஆய்வுத் தலைப்பை மாற்றிக்கொள்கிறேன் என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். ஒரு வருஷம் பின்னால் போகும், பரவாயில்லை.

அந்தப் பக்கத்தின் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. ஒருவேளை சொல்கிறாய் என்றால், மாமா நம்ப மாட்டார். நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன்.

தை இருபத்தெட்டு அன்று நான் உன்னையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

விழி


விருத்தாசலம்
12.2.2025

அன்பு மகள் விழிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீ பயப்படாதே.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வந்துவிட்டான். நான் பேச வாயெடுக்கும்போதெல்லாம் அவன் ஏதாவது பழைய கதையை ஆரம்பிப்பான். சொல்லவில்லை. காலையில் இட்லி வைத்தேன், அப்போதும் சொல்லவில்லை. அவன் பின்னாலேயே நடந்து பதிவு அலுவலகத்துக்கு எதிரில் இருக்கும் பத்திர எழுத்தர் கடைக்குப் போய்விட்டேன்.

ஏஜென்ஸி ஆள் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தான். பத்திரம் தயாராக இருந்தது. எழுத்தர் பேனாவை அண்ணனிடம் கொடுத்து, போடும் இடத்தைக் காட்டினார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன், விழி. நான் சந்தோஷமா என்று கேட்கிற பார்வை.

கொஞ்சம் இருங்க என்றேன். அதுவரை அங்கே நான் வாயைத் திறக்கவில்லை. என் குரல் கேட்டதும் அந்த ஏஜென்ஸி ஆள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை முறை கேட்டிருப்பான்! சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணா, அன்னிக்கு உனக்குப் போன் பண்ணது நான் இல்ல" என்றேன்.

அண்ணன் நம்பவில்லை. ஊர்க்காரர்கள் திட்டுகிறார்கள் என்று பயந்து சொல்கிறாய் என்றான். "தொட்டில்ல கெடந்து அழுத நாள்லேருந்து கேக்கறேன், எனக்குத் தெரியாதா உன் குரலு?" என்றான். எழுத்தரிடம், பொம்பளை பயப்படுது, நீங்க நடத்துங்க என்றான். பேனாவை மறுபடி எடுத்துவிட்டான்.

நீ எழுதிய முகவரியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். டைப் அடிக்கும் பெண்ணிடம் கொடுத்து, இதைத் திறம்மா என்றேன். ஏஜென்ஸி ஆள் எழுந்து, இதெல்லாம் எதுக்கு, டோக்கன் நேரம் போகுது என்றான். அந்தப் பெண் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திறந்துவிட்டாள். என்ன தட்ட வேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அண்ணனுக்கு முன்னால் போய் நின்றேன்.

"கலியபெருமாள் அண்ணா, நல்லாருக்கீங்களா?" என்றது கம்ப்யூட்டர்.

அண்ணன் அதைப் பார்த்தான். என் வாயைப் பார்த்தான். இன்னொரு முறை போடச் சொன்னான். போட்டாள். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தான்.

"அப்ப நீ கூப்புடல."

"இல்லண்ணா."

"மூணு வருஷத்துல ஒரு தடவ கூட கூப்புடல."

"இல்ல" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அது உண்மைதானே. கூப்பிட வேண்டும் என்று நினைத்த நாளெல்லாம் கணக்கில் வருமா?

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஏஜென்ஸி ஆள் ஒப்பந்தம் இருக்கிறது, கேஸ் போடுவோம் என்று பின்னால் கத்தினான். எழுத்தர்தான், யோவ், முதல்ல நீ இந்தப் போன் கதைக்கு பதில் சொல்லு என்று அவனை மடக்கினார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கம்மாபுரம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான்.

நிலம் தப்பித்துவிட்டது. நீ அதை நினைத்து நிம்மதியாக இரு. எனக்கு வீட்டுக்கு வந்து அவன் படுத்திருந்த பாயைச் சுருட்டி வைக்க முடியவில்லை.

அம்மா


விருத்தாசலம்
14.3.2025

என் கண்ணு விழிக்கு,

இங்கே எல்லாரும் நலம். மாசி மகக் கூட்டம் இன்னும் ஊரை விட்டுக் கலையவில்லை. உனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, மோர் குடி.

நீ போட்ட இரண்டு கடிதமும் வந்தது. பதில் எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தேன். அண்ணியிடமிருந்துதான் செய்தி வந்தது. அண்ணன் யாரிடமும் பேசுவதில்லையாம். கையெழுத்துப் போட்ட மற்றவர்களும் விவரம் தெரிந்து பின்வாங்கிவிட்டார்கள். முகாம் நடத்தியவர்கள் ஆபீசைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். ஊரில் என்னைத் திட்டியவர்கள் இப்போது பாவம் என்கிறார்கள்.

தேருக்கு முந்தின நாள் அரிசி டப்பாவிலிருந்து சிம்மை எடுத்துப் போட்டேன். அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுத்தான். "அண்ணா, நான் கொளஞ்சி பேசுறேன். தேருக்கு வூட்டுக்கு வா" என்றேன்.

"இப்ப எந்தக் கம்பெனிலேருந்து பேசுற?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

உன்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் எழுதி முடியாது. அந்தப் பேராசிரியர்மேல், அந்த மிஷின்மேல், நான் படித்த ஒவ்வொரு வாக்கியத்தின்மேலும் வந்தது. ஒரு பாடு அழுது தீர்த்துவிட்டுத் தேர் அன்று காலையில் யூனிட்டுக்கு லீவு சொல்லி பஸ் ஏறிவிட்டேன்.

அண்ணன் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். "அண்ணா, தேருக்கு வூட்டுக்கு வா" என்றேன். தலை நிமிர்ந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கை இரண்டையும்தான் பார்த்தான், எதிலாவது போன் இருக்கிறதா என்று. இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அப்போதும் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு" என்றான்.

சொன்னேன்.

"இன்னொரு தடவ."

அந்த முறை எனக்கு அண்ணா என்பதற்கு மேல் வரவில்லை. அதற்கப்புறம்தான் அண்ணன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "சின்னம்மா, என் சட்டைய எடு. தங்கச்சி வந்து கூப்புடுது" என்று உள்ளே இருந்த அண்ணிக்குக் குரல் கொடுத்தான்.

உன் அம்மா
கொளஞ்சியம்மாள்